ஈரோட்டில் என் எருக்கம்பூவைத் துணியில் அச்சிட்டுக் கொடுத்த பட்டறை

இதை எழுதும்போது மேசைமேல் மூன்று துண்டுத் துணிகள் கிடக்கின்றன. மூன்றிலும் ஒரே எருக்கம்பூக் கொத்து. முதல் துண்டில் பூ ரோஜா நிறத்தில் இருக்கிறது. இரண்டாவதில் மழை வருவதற்கு முந்தைய வானம் மாதிரி சாம்பல். மூன்றாவதில்தான் அது எருக்கு: வெளியே வெளிறி, நடு மகுடத்தை நெருங்க நெருங்க ஊதா ஏறி, எங்கள் வீட்டுப் பின்னாலிருக்கும் காலி மனையில் நான் உட்கார்ந்து வரைந்த அதே பூ. அந்த மூன்றாவது துண்டு மட்டும் பாதிதான் என்னிடம் இருக்கிறது.

ஈரோடு வீரப்பன்சத்திரத்தில் மெயின் ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு தெருவில் இருக்கிறது இந்த டிஜிட்டல் பிரிண்டிங் பட்டறை. ஒன்றரை வருடத்தில் அங்கே ஐந்து ஆர்டர் கொடுத்திருக்கிறேன், மொத்தம் 141 மீட்டர். வரைகிறவர்கள் பலர் என்னிடம் "துணியில எப்படிப் போடுறது, எங்கே கொடுக்கிறது" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட முழுதாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

நான் கோவையில் ஒரு பள்ளியில் ஓவிய ஆசிரியை. பதினோரு வருடமாக நீர்வண்ணத்தில் நம் ஊர்ச் செடிகளை வரைகிறேன். எருக்கு, ஆவாரை, நொச்சி, பூவரசு, சங்குப்பூ. கண்காட்சியில் வைத்தால் பார்த்துவிட்டு, "நல்லா இருக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். ஒருமுறை ஓர் அம்மா ஆவாரம்பூப் படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றுவிட்டு, "இது சேலையா இருந்தா நான் கட்டிக்குவேன்" என்றார். அந்த ஒரு வார்த்தைதான் என்னை இதில் இறக்கியது.

முதலில் ஆன்லைனில் ஒரு நிறுவனத்துக்குக் கொடுத்தேன். துணியின் பெயருக்குப் பக்கத்தில் 'காட்டன் ஃபீல்' என்று போட்டிருந்தார்கள். அது பருத்தியைக் குறிக்கவில்லை என்று பார்சலைப் பிரித்த பிறகுதான் புரிந்தது. நிறம் கண்ணைப் பறித்தது, அதை மறுக்க மாட்டேன். ஆனால் ஒரு நூலை உருவி நெருப்பில் காட்டினேன். பருத்தி என்றால் காகிதம் மாதிரி எரிந்து சாம்பலாகும். இது உருகிச் சுருண்டு கெட்டியான மணியாக நின்றது. பாலியஸ்டர். சப்ளிமேஷன் என்ற முறையே அதற்குரியதுதான்: முதலில் காகிதத்தில் அச்சடித்து, துணியோடு சேர்த்து 200 டிகிரி வாக்கில் அழுத்தினால் சாயம் ஆவியாகி இழைக்குள் போய்விடும். பருத்தியில் அப்படி நிற்காது. கொடிக்கும் பேனருக்கும் விளையாட்டுச் சட்டைக்கும் அருமையான முறை. ஏப்ரல் மாத வெயிலில் கட்டும் சேலைக்கு நான் அதைக் கொடுக்க மாட்டேன்.

இரண்டாவதாக வேறோர் ஊரில் ஓர் அச்சகம். அது பருத்திதான், ஆனால் பிக்மென்ட் மை. நிறத்துகளைப் பசை மாதிரி ஒரு பொருள் துணியின் மேலே பிடித்து வைத்திருக்கும். சூடு காட்டினால் போதும், அலச வேண்டியதில்லை. அதனால் தண்ணீர்ச் செலவு குறைவு, வேலை சீக்கிரம் முடியும். பைக்கும் தலையணை உறைக்கும் இப்போதும் நான் அதையே சொல்வேன். ஆனால் எனக்கு வந்த துப்பட்டா தோளில் விழாமல் விறைத்து நின்றது; நாலு துவைப்பில் மடிப்பு விழும் இடமெல்லாம் வெளுத்தது.

வெளிநாட்டில் இதற்கு நல்ல வழி இருப்பது தெரியும். தனி ஓவியர் ஒருவர் ஒரு கெஜம்கூட அச்சிட்டுக்கொள்ளலாம் என்ற வசதியை 2008இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் தொடங்கிய ஸ்பூன்ஃப்ளவர் என்ற நிறுவனம் பரவலாக்கியது. நம் வடிவமைப்பை அவர்கள் தளத்திலேயே விற்பனைக்கு வைத்தால் பங்கும் தருகிறார்கள். ஆனால் நெசவும் சாயமும் அச்சும் பிழைப்பாக இருக்கிற கொங்கு நாட்டில் உட்கார்ந்துகொண்டு கடல் தாண்டித் துணி வரவழைக்க எனக்கு மனசு வரவில்லை.

ஈரோட்டுப் பட்டறையைச் சொன்னது கனி மார்க்கெட்டில் துணி எடுக்கும்போது பழக்கமான ஒரு வியாபாரி. முன்னறையில் இரண்டு கம்ப்யூட்டர், சுவர் முழுக்கக் குண்டூசி குத்திய துண்டுத் துணிகள், பின்னறையில் எந்திரம். அச்சுத் தலை இங்கும் அங்கும் ஓடிக்கொண்டே இருக்க, துணி மெதுவாக நகர்ந்து வரும். பட்டறைக்காரருக்கு அறுபது வயது இருக்கும். அவர் அப்பா காலத்தில் மேசை போட்டு ஸ்கிரீன் பிரிண்டிங் செய்தவர்கள். லுங்கி, பெட்ஷீட். இவரும் முப்பது வருடம் கையால் சாயம் கலக்கியவர். கம்ப்யூட்டரை அவர் மகள் பார்க்கிறார். இந்த இருவர் சேர்க்கைதான் பட்டறையின் பலம் என்று எனக்குத் தோன்றுகிறது. மகள் திரையில் எண்ணைப் பார்த்துச் சொல்வதை, அப்பா துணியை வெளிச்சத்தில் பிடித்துச் சரி பார்க்கிறார்.

முதல் நாள் பென் டிரைவில் ஃபைலோடு போய், "அண்ணா, ரெண்டு சேலைக்கு அடிச்சுக் கொடுங்க" என்றேன். அவர் படத்தைத் திரையில் பார்த்தார். பிறகு என் அசல் ஓவியத்தைக் கேட்டு வாங்கி வாசலுக்கு எடுத்துப்போய் வெயிலில் பார்த்தார்.

"இப்பவே அடிச்சுரலாமுங்க அம்மணி. ஆனா துவைச்ச பொறவு இந்த ஊதா என்னவா நிக்கும்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஒரு மீட்டர் அடிச்சு, ஆவி புடிச்சு, அலசி அனுப்பறேன். வீட்டுல நீங்களும் ரெண்டு தண்ணி துவைச்சுப் பாருங்க. பொறவு பேசிக்கலாம்."

மற்ற இரண்டு இடத்திலும் யாரும் இதைச் சொல்லவில்லை. ஃபைலை வாங்கினார்கள், பணத்தை வாங்கினார்கள், அச்சடித்தார்கள். துவைத்துப் பார்த்த சேம்பிள் இல்லாமல் இந்தப் பட்டறையில் முழு ஆர்டர் ஓட்டுவதில்லை. எனக்கு அவசரம் என்று கெஞ்சிய ஒரு தடவைகூட ஓட்டவில்லை. நான் இந்த மதிப்புரை எழுதுவதற்கு முதல் காரணம் அதுதான்.

சேம்பிளில் என்ன போடுவது என்பதையும் அந்த மகள்தான் சொல்லிக்கொடுத்தார். ஒரு மீட்டர் முழுக்கப் பூவைப் போட்டு வீணாக்கக் கூடாது. பாதியில் பூ அதன் உண்மை அளவில். மீதியில் சதுரச் சதுரமாக 24 கட்டங்கள், ஒவ்வொன்றிலும் அந்த ஊதாவைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றி, ஓர் எண். துவைத்த பிறகு எந்தக் கட்டம் ஓவியத்தோடு ஒத்துப்போகிறதோ அந்த எண்ணைச் சொன்னால் போதும். வெளிறிய ஊதா ஏன் இவ்வளவு படுத்துகிறது என்றும் விளக்கினார். சிவப்பும் நீலமும் துளித்துளியாகத்தான் விழுகின்றன. அடர்த்தியான நிறத்தில் ஒரு துளி கூடினாலும் குறைந்தாலும் தெரியாது, வெளிறிய நிறத்தில் உடனே ரோஜாப் பக்கமோ சாம்பல் பக்கமோ சாய்ந்துவிடும். ஆவாரம்பூ மஞ்சள் முதல் சேம்பிளிலேயே சரியாக வந்ததற்கும், எருக்கு மூன்று சேம்பிள் கேட்டதற்கும் இதுதான் காரணம்.

இங்கே அடிப்பது ரியாக்டிவ் சாயம். பருத்தி, ரயான் இரண்டுக்கும் அதுதான் ஏற்றது. சாயம் இழையோடு வேதிமுறையில் சேர்ந்துவிடுவதால் தடவினால் மேலே எதுவும் தட்டுப்படாது, துணி துணியாகவே இருக்கும். வேலை மட்டும் அதிகம். முதலில் துணிக்குச் சோடாவும் யூரியாவும் அல்ஜினேட் பசையும் ஏற்ற வேண்டும். அல்ஜினேட் கடற்பாசியிலிருந்து எடுப்பது. "மாவுப் பசை போட்டா என்ன?" என்று கேட்டேன். மாவோடும் சாயம் சேர்ந்துகொள்ளும், துணிக்கு மிஞ்சாது என்றார் பெரியவர். அப்புறம் அச்சு, அதன்பின் 102 டிகிரி நீராவியில் பத்து நிமிடம் போல, அதன்பின் பச்சைத் தண்ணீர், சுடுதண்ணீர், சோப்புத் தண்ணீர் என்று அலசல்.

எந்திரத்திலிருந்து நேராக வரும் துணியைப் பார்த்து யாரும் மனம் தளர வேண்டாம். எனக்கு முதல் தடவை நெஞ்சே அடைத்துவிட்டது. எல்லா நிறமும் தூசி படிந்த மாதிரி மங்கிக் கிடந்தது. நீராவியில் போய் வந்து, பசை அலசிப்போன பிறகுதான் நிறம் விழித்துக்கொள்கிறது. ஈரத்துணியில் சங்குப்பூ நீலம் அப்படி எழுந்து வந்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். தாளில் நானே போட்ட நீலத்தைவிட ஆழமாக இருந்தது.

துணியை நாமே கொடுக்கலாம், அவர்களிடமும் வாங்கலாம். நாமே கொடுத்தால் சாதாரண வெள்ளைத் துணி கூடாது. கஞ்சி நீக்கி, வெளுத்து, பளிச்சென்று காட்டும் பவுடர் ஏற்றாத துணியாக இருக்க வேண்டும். கடையில் ஆர்.எஃப்.டி. (ரெடி ஃபார் டையிங்) என்று கேட்டால் தெரியும். தறியிலிருந்து வந்த வெளுக்காத காடா துணியை அப்படியே கொண்டுபோனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். எந்தத் துணியில் ஓட்டப்போகிறோமோ அதே துணியில்தான் சேம்பிளும் எடுக்க வேண்டும். என்னுடைய இரண்டாவது ஆர்டரில் நான் செய்த தவறு இது. கேம்ப்ரிக்கில் சேம்பிள் பார்த்துவிட்டு மல் துணியில் 20 மீட்டர் ஓட்டச் சொன்னேன். மல் மெல்லியது, சாயம் குறைவாகத்தான் குடிக்கும். ஆவாரை எலுமிச்சை மஞ்சளாக வந்தது. ஓட்டுவதற்கு முன் அவர்கள் இரண்டு தடவை கேட்டார்கள், நான்தான் பரவாயில்லை என்றேன். இன்னொரு விஷயம்: டிஜிட்டல் அச்சில் சாயம் பின்பக்கம் முழுதாக இறங்காது. தடித்த கேம்ப்ரிக்கில் துப்பட்டா அடித்தால் பின்பக்கம் வெளுப்பாகத் தெரியும். துப்பட்டாவுக்கு மல்தான் சரி.

இனி வரைகிறவர்களுக்கு முக்கியமான பகுதி, ஃபைல். இங்கேதான் நான் நிறையக் கற்றேன்.

நீர்வண்ண ஓவியத்தை 600 டி.பி.ஐ.யில், அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளியில், ஸ்கேன் செய்யுங்கள், போனில் படம் எடுத்து அனுப்பாதீர்கள். தாளின் மெல்லிய மஞ்சளும் சொரசொரப்பும் ஸ்கேனில் சேர்ந்து வரும்; அதைத் துடைக்காவிட்டால் துணி முழுக்க அழுக்குப் படிந்த மாதிரி அச்சாகும். இந்த எந்திரத்தில் வெள்ளை மை கிடையாது, வெள்ளை என்பது துணியேதான். ஆகவே கறுப்புத் துணியில் ஆவாரம்பூ வேண்டுமென்றால் கறுப்பையும் சேர்த்துத்தான் அச்சடிக்க வேண்டும். அப்படி அடித்தால் ஓரம் வெள்ளையாகவே நிற்கும். தைக்கும்போது கவனம் வேண்டும்.

அச்சுக்கு 150 டி.பி.ஐ. போதும் என்கிறார்கள். துணியின் இழையே அதற்கு மேல் நுணுக்கத்தைக் காட்டாது. என் துணியின் பன்னா, அதாவது அகலம், 44 அங்குலம், அதில் அச்சு ஏறுவது 108 சென்டிமீட்டர். அதனால் என் ரிப்பீட்டை, அதாவது திரும்பத் திரும்ப வரும் வடிவக் கட்டத்தை, 36 சென்டிமீட்டராக வைத்தேன், அகலத்தில் சரியாக மூன்று விழும். பிக்சல் கணக்கில் 2,126. இதை யோசிக்காமல் 40 சென்டிமீட்டர் வைத்திருந்தால் ஓரத்தில் பாதிப் பூ வெட்டுப்பட்டிருக்கும்.

ரிப்பீட்டை நேராகப் பக்கம் பக்கமாக அடுக்கினால், கிட்டத்தில் அழகாக இருக்கும். பத்தடி தள்ளி நின்றால் பூக்களுக்கு நடுவே வெற்றுக்கோடு ஓடுவது தெரியும். பக்கத்து நெடுவரிசையைப் பாதி உயரம் இறக்கி வைப்பதை ஹாஃப் டிராப் என்கிறார்கள். அந்தக் கோடு உடைந்துபோகும். எருக்குக்கு அப்படித்தான் செய்தேன். வீட்டில் சுவரில் ஒட்டி, வாசலில் போய் நின்று கண்ணைச் சுருக்கிப் பார்த்துச் சரி செய்தேன்.

அளவையும் திரையில் நம்பாதீர்கள். ஒன்பது சென்டிமீட்டர்ப் பூ திரையில் கச்சிதமாக இருந்தது. சாதாரணக் காகிதத்தில் உண்மை அளவில் எடுத்து ஒட்டி, தோளில் போட்டுக் கண்ணாடி முன் நின்றபோது ரவிக்கைக் கைக்கு ஒரு பூதான் வந்தது. ஐந்தரைக்குக் குறைத்தேன்.

சேலை விஷயத்தில் அந்தப் பெரியவர் என்னைக் காப்பாற்றினார் என்றே சொல்ல வேண்டும். நான் செடிகளைத் துணியின் நீளவாக்கில் நிமிர்ந்து நிற்கும்படி அடுக்கியிருந்தேன். சுடிதாருக்கு அது சரி. சேலையின் நீளம் உடம்பைச் சுற்றிப் போகிறது, பன்னாதான் மேலும் கீழுமாக நிற்கிறது. என் ஃபைலை அப்படியே அடித்திருந்தால் கட்டியவர் உடம்பில் எல்லா எருக்கும் சாய்ந்து படுத்திருக்கும். அவர் மேசையில் கிடந்த ஒரு துணியை எடுத்து இடுப்பைச் சுற்றிப் பிடித்துக் காட்டினார். "உடம்புல செடி நிக்கோணும்னா பன்னாவுல நிக்கோணும். முந்தானையில மட்டும் மாத்துங்க, அது முதுகுல தொங்குதல்லங்க." சரிதான். முந்தானை தோளைத் தாண்டி நீளவாக்கில் தொங்குகிறது; அங்கே செடியின் தலை சேலையின் உடல் பகுதியைப் பார்க்க வேண்டும், வேர் முந்தானை நுனியைப் பார்க்க வேண்டும். ஆயுள் முழுக்கச் சேலை கட்டியிருக்கிறேன், தாளில் வரையும்போது அது எனக்குத் தோன்றவே இல்லை. அன்றிரவே 90 டிகிரி திருப்பி, முந்தானைக்குத் தனியாக வரைந்தேன்.

துணி சுருங்குவதையும் அவர்கள் கணக்கில் எடுக்கிறார்கள். வட்டமான பனங்காய் அலசலுக்குப் பின் நீளவாட்டில் கொஞ்சம் அமுங்கி முட்டை வடிவமாகிவிடுகிறது. சேம்பிளில் அளந்து பார்த்தோம், பத்து சென்டிமீட்டர் வட்டம் ஒரு பக்கம் 9.6 ஆகியிருந்தது. மகள் ஃபைலை அந்த வாட்டில் அந்த அளவு இழுத்து வைத்து ஓட்டினார். துவைத்த பின் வட்டம் வட்டமாக நின்றது.

விலை. நான் கொடுத்ததைச் சொல்கிறேன். அச்சுக்கூலி மீட்டருக்கு 180 ரூபாய், அலசல் உட்பட. மல் துணி அவர்களிடமே மீட்டர் 95. ரவிக்கையோடு சேர்த்து ஒரு சேலைக்கு 6.3 மீட்டர், ஐந்து சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து ஏறத்தாழ 1,820 ரூபாய் ஆயிற்று. சேம்பிள் ஒவ்வொன்றும் 400. ஆர்டர் 25 மீட்டருக்கு மேல் போனால் ஒரு சேம்பிள் காசைக் கழித்துக்கொள்கிறார்கள். குறைந்தது ஐந்து மீட்டர். முழுக்க அடர்ந்த நிறம் கேட்டால் மை அதிகம் போகும், மீட்டருக்கு 30 ரூபாய் கூடுதல். மலிவு என்று சொல்ல மாட்டேன். ஆனால் உருளைகளால் அச்சிடும் ரோட்டரி ஸ்கிரீனில் விசாரித்துப் பாருங்கள். நிறத்துக்கு ஒரு உருளை செய்ய வேண்டும், ரிப்பீட் பொதுவாக உருளைச் சுற்றளவான 64 சென்டிமீட்டருக்குள் அடங்க வேண்டும். நான் கேட்ட இடங்களில் ஆயிரம் மீட்டருக்குக் குறைந்து பேசவே இல்லை. நிறம் நிறத்தில் கரையும் நீர்வண்ணத்தை எத்தனை உருளையாகப் பிரிப்பது? பத்து மீட்டர் வேண்டிய ஓவியருக்கு டிஜிட்டலைத் தவிர வழியில்லை.

குறைகளும் உண்டு. தீபாவளிக்கு முந்தைய இரண்டு மாதம் அங்கே ஆர்டர் கொடுக்காதீர்கள். பத்து நாளில் என்று சொன்ன 40 மீட்டர் எனக்கு 31ஆம் நாள் வந்தது. நான் வாக்குக் கொடுத்திருந்த கண்காட்சி முடிந்துவிட்டது. போன் எடுப்பதில்லை. காலை பதினோரு மணிக்கு முன் கூப்பிட்டால் கிடைப்பார்கள், அதற்குப் பின் எந்திரச் சத்தத்தில் கேட்காது. ஐந்தாவது ஆர்டரில் அதே ஃபைல், அதே துணி வகை, ஆனால் நெசவு லாட் வேறு; எருக்கு மறுபடியும் மெல்லச் சாம்பலுக்குச் சாய்ந்திருந்தது. சேம்பிளை எடுத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். பெரியவர் மறுக்கவில்லை, 36 மீட்டரில் 12 மீட்டரைத் திரும்ப அடித்துக் கொடுத்தார். மீதியில் வித்தியாசம் சிறிது என்பதால் நானும் ஏற்றுக்கொண்டேன். இதிலிருந்து ஒரு பழக்கம் வந்தது. ஒரு வடிவமைப்புக்கு வேண்டிய துணியை ஒரே லாட்டில் மொத்தமாக எடுத்து வைத்துவிடுகிறேன். வாட்ஸ்அப்பில் ஃபைல் அனுப்புகிறவர்கள் படமாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்புங்கள். படமாகப் போனால் சுருங்கிவிடும், அச்சில் ஓரங்கள் படி படியாகத் தெரியும்.

அலசும் தண்ணீர் எங்கே போகிறது என்று முதல் நாளே கேட்டேன். எல்லோரும் கேட்க வேண்டிய கேள்வி இது. எங்கள் அப்புச்சி (அம்மாவின் அப்பா) ஊர் ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே, நொய்யல் கரையில். திருப்பூர்ச் சாயத் தண்ணீர் வந்து தேங்கிய அணை அது. அப்புச்சி தோட்டத்துக் கிணற்றுத் தண்ணீரை மாடு முகர்ந்துவிட்டுத் திரும்பியதை நான் சிறுமியாகப் பார்த்திருக்கிறேன். தென்னை குரும்பை உதிர்த்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது அப்புச்சி இல்லை. ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரிக்க வேண்டும் என்ற கண்டிப்பு இன்று இருப்பதற்கு அந்தக் கரையோரத்து விவசாயிகள் வருடக்கணக்கில் கோர்ட் படி ஏறியது காரணம். ரியாக்டிவ் சாயத்தில் இழையைப் பிடிக்காத மிச்சம் அலசலில் போகத்தான் செய்யும். நான் வரைந்த செடி அழகாக அச்சாகி, அந்தத் தண்ணீர் இன்னொருவர் கிணற்றுக்குப் போவதென்றால் எனக்கு அந்தச் சேலை வேண்டாம்.

பெரியவர் அந்தக் கேள்விக்கு முகம் சுளிக்கவில்லை. அலசலைத் தங்கள் இடத்தில் செய்வதில்லை, சுத்திகரிப்பு உள்ள ஒரு பிராசஸிங் யூனிட்டுக்கு அனுப்புகிறோம் என்று சொல்லி, அந்த மாதச் சலவைச் சீட்டுகளை எடுத்துக் காட்டினார். மூன்றாவது ஆர்டரின்போது என் துணி போன வண்டியோடு நானும் போனேன். தொட்டிகளைப் பார்த்தேன், உப்பு பிரித்து மூட்டை கட்டி வைத்திருந்ததைப் பார்த்தேன். மீட்டர் 180 ரூபாயில் ஒரு பங்கு அந்தத் தொட்டிக்குப் போகிறது. சந்தோஷமாகக் கொடுக்கிறேன். 110 ரூபாய்க்கு அடித்துத் தருகிறோம் என்று வேறொருவர் சொன்னபோது அதே கேள்வியைக் கேட்டேன். பேச்சை மாற்றினார்.

உரிமை பற்றியும் ஒரு வார்த்தை. ஓவியம் வரைந்தாலே பதிப்புரிமை நமக்கு உண்டு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். துணிக்கு வந்தால் கதை வேறு. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி, டிசைனாகப் பதிவு செய்யத்தக்க ஒன்றைப் பதிவு செய்யாமல், நாமோ நம் அனுமதியோடு மற்றவரோ தொழில்முறையில் 50 தடவைக்கு மேல் பொருளாகச் செய்துவிட்டால், அந்த டிசைனில் பதிப்புரிமை போய்விடும். பதிவு செய்ய வேண்டியது 2000ஆம் ஆண்டு டிசைன் சட்டத்தில். பத்து வருடம் பாதுகாப்பு, அதன்பின் ஐந்து வருடம் நீட்டிக்கலாம். ஆனால் பதிவுக்குக் கொடுக்கும்போது அது புதியதாக இருக்க வேண்டும், முன்னரே வெளியிட்டிருக்கக் கூடாது. வரைந்த அன்றே இன்ஸ்டாகிராமில் போட்டுவிட்டு ஆறு மாதம் கழித்துப் பதிவுக்குப் போனால் அங்கேயே அடிபட்டுப்போகும். என் ஆவாரை அப்படித்தான் கைவிட்டுப் போனது. நிறைய ஓட்டப் போகிறவர்கள் முதலில் ஒரு வழக்கறிஞரிடம் பேசிவிட்டுப் பிறகு படத்தை வெளியில் காட்டுங்கள்.

இந்த விஷயத்தில் பட்டறையின் நடத்தை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆர்டர் முடிந்து நான் சரி என்று சொன்னதும் ஃபைலை என் கண் முன்னால் அழிக்கிறார் மகள். அடுத்த தடவை நானே கொண்டுவர வேண்டும். கோணலாக அச்சான துண்டு, மை சிந்திய அரை மீட்டர், தோற்றுப்போன சேம்பிள், எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு ஆர்டரோடு சேர்த்துத் தந்துவிடுகிறார்கள். முதல் தடவை இந்தக் குப்பை எதற்கு என்று கேட்டேன். "உங்க கை வரைஞ்சதுங்க. எங்க குப்பையில கெடக்கக் கூடாது" என்றார் பெரியவர்.

சுவரில் குத்தியிருக்கும் துண்டுகள் எல்லாம் கொடுத்தவர்களிடம் கேட்டு வைத்தவை. ஐந்தாவது ஆர்டரை வாங்கப் போன அன்று அவர் எருக்கு சேம்பிள், அந்த மூன்றாவது துண்டு, தனக்கு ஒன்று கிடைக்குமா என்று கேட்டார். அது ஒன்றுதான் இருந்தது. அடுத்த தடவை நிறம் ஒத்துப்பார்க்க எனக்கும் வேண்டும். மேசையில் வைத்து, கட்டங்களின் நடுவாகக் கத்தரித்தோம், 17ஆம் எண் கட்டம் இருவருக்கும் பாதிப் பாதி வரும்படி. அவருடைய பாதியில் தேதியையும் 'எருக்கு, 17' என்பதையும் பென்சிலால் எழுதி, ஜன்னல் வெளிச்சம் விழும் இடமாகப் பார்த்துக் குத்தி வைத்தார்.